கம்பியில்லாக் கேமராவுக்கும் ஒரு கம்பி உண்டு: தோட்டப்புறத்தில் முதன்முதலாகக் கண்காணிப்புக் கேமரா வைப்பவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வார இறுதிகளில் தெரிந்தவர்களின் வீடுகளிலும் கோவில்களிலும் கண்காணிப்புக் கேமரா பொருத்திக் கொடுப்பது என் வழக்கம். என்னை அழைப்பவர்களில் பெரும்பாலோர் கேமராவை முன்பே வாங்கி வைத்திருப்பார்கள். இணையக் கடையின் மலிவு விற்பனையில் நான்கு கேமராக்கள் அடங்கிய பெட்டியை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, “வயரே வேணாமாம் அண்ணே, மாட்டிட்டா போதுமாம்” என்பார்கள். வீட்டைச் சுற்றி வந்து பார்த்தால், அவர்கள் காக்க நினைக்கும் ஆட்டுக் கொட்டகைக்கு வைஃபை எட்டாது. வைஃபை எட்டும் சுவரில் மின்சாரம் இருக்காது. இரண்டும் உள்ள ஒரே இடத்திலிருந்து பார்த்தால் அண்டை வீட்டு வாசல்தான் தெரியும். பெட்டியைத் திருப்பி அனுப்பும் காலக்கெடுவும் அதற்குள் முடிந்திருக்கும்.

ஆகவே இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. எதைப் பார்க்க வேண்டும், அங்கே சிக்னல் உண்டா, மின்சாரம் எப்படிப் போகும், பதிவு எங்கே தங்கும் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகு கடைசியாக வாங்க வேண்டிய பொருள்தான் கேமரா.

முதல் படி: யாரை, எவ்வளவு தொலைவில் பார்க்க வேண்டும்

ஒரு தாளில் வீட்டின் தரைப்படத்தை வரைந்து, ஆள் நுழையக்கூடிய இடங்களை மட்டும் குறியுங்கள். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடாக இருந்தால் முன் கேட், பின்கதவு, மோட்டார் சைக்கிள் நிற்கும் இடம் ஆகிய மூன்றும் போதும். தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து (வரிசை) வீடாக இருந்தால் பின்புற வடிகால் ஓரமாக வரும் ஒற்றையடிப் பாதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே, “ஆள் வந்தது தெரிந்தால் போதும்” என்றோ “வந்தது யார் என்று முகம் தெரிய வேண்டும்” என்றோ எழுதுங்கள். இந்த ஒரு வரியில்தான் பாதிச் செலவு அடங்கியிருக்கிறது.

காரணம் கணக்கில் இருக்கிறது. கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐஇசி 62676 என்னும் பன்னாட்டுத் தரம், காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை படப்புள்ளிகள் விழுகின்றன என்பதைக்கொண்டு தெளிவை வகுக்கிறது. ஒருவர் இருக்கிறார் என்று அறிய 25 புள்ளிகள் போதும். பழகியவரை இன்னார் என்று சொல்ல 125 வேண்டும். முன்பின் தெரியாதவரை ஐயமின்றி அடையாளம் காட்ட 250 வேண்டும். 1080பி கேமராவின் படம் 1920 புள்ளிகள் அகலம் கொண்டது. அதை 250ஆல் வகுத்தால், முகத்தை உறுதியாகக் காட்டக்கூடிய காட்சியின் அகலம் ஏழரை மீட்டருக்குச் சற்று மேல் என்று வருகிறது. சந்தையில் பரவலாக விற்கும் 2.8 மில்லிமீட்டர் வில்லை (லென்ஸ்) ஏறத்தாழ நூறு பாகைக் கோணத்தில் விரிந்து பார்ப்பதால், அந்த அகலம் கேமராவிலிருந்து மூன்று மீட்டர் தொலைவிலேயே நிரம்பிவிடுகிறது. பெட்டியின் மேல் “30 மீட்டர் இரவுப் பார்வை” என்று அச்சிட்டிருப்பது பொய்யன்று. முப்பது மீட்டரில் ஓர் உருவம் நடமாடுவது தெரியும், அந்த உருவத்தின் மூக்கும் முழியும் தெரியாது.

முகம் வேண்டிய இடத்தில் கேமராவை ஆள் கடந்து போகும் வழிக்கு மூன்று நான்கு மீட்டருக்குள் வையுங்கள்; இல்லையேல் 4 அல்லது 6 மில்லிமீட்டர் வில்லை உள்ளதை வாங்குங்கள். உயரம் இரண்டரை மீட்டருக்கு அருகில் இருக்கட்டும். கை எட்டக்கூடாது என்று கூரை முகட்டில் ஏற்றிவிட்டால் தலைக்கவசத்தின் உச்சி மட்டுமே பதிவாகும். நம் ஊரில் மோட்டாரில் வரும் திருடன் இறங்கிய பிறகும் தலைக்கவசத்தைக் கழற்றுவதில்லை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: வாங்குவதற்கு முன் சிக்னலை அளந்து பாருங்கள்

வைஃபை என்பது ஐஇஇஇ 802.11 என்ற பெயரில் 1997இல் வெளியான தரத்திலிருந்து வளர்ந்தது. இன்று வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. ஐந்து வேகமானது, ஆனால் சுவருக்குச் சுவர் தேய்ந்துபோகும், 2.4 மெதுவானது, ஆனால் தொலைவு போகும். மலிவான கேமராக்களில் பெரும்பாலானவை 2.4இல் மட்டுமே இயங்குவதால், புதியவர்கள் அளக்க வேண்டியதும் அதையே.

அளப்பதற்குத் தனிக் கருவி தேவையில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபை வலிமையை எண்ணாகக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். அது காட்டும் எண் டிபிஎம் என்ற அலகில் எதிர்மறையாக இருக்கும்; சுழியத்தை நெருங்க நெருங்க வலிமை கூடுகிறது என்று பொருள். −50ஐ ஒட்டி இருந்தால் மிக நன்று. −67 வரை காணொளி தடையின்றிப் போகும். −75ஐத் தாண்டிவிட்டால் படம் நின்று நின்று வரும், நள்ளிரவில் தொடர்பு அறுந்துபோகும். நெஞ்சளவில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நின்று அளப்பதால் பயனில்லை. கேமரா வரப்போகும் இடத்தில் ஏணி வைத்து ஏறி, இரவில் எப்படி இருக்குமோ அப்படியே கதவுகளைச் சாத்திவிட்டு, இரண்டு நிமிடம் பிடித்திருந்து பாருங்கள்.

நம் வீடுகளில் சிக்னலைக் கெடுப்பவை எவை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய லயத்தின் பலகைச் சுவர் அலையைப் பெரிதாகத் தடுப்பதில்லை. செங்கல் சுவர் குறைக்கும். தகரம் ஏறத்தாழ முழுவதுமாகத் தடுத்துவிடும். கூரைத் தகரத்துக்குக் கீழே வெப்பம் தணிக்க ஒட்டப்படும் வெள்ளித்தாள், தண்ணீர்த் தொட்டி, இரும்புக் கேட் ஆகியவற்றின் பின்னாலும் நிழல் விழுவதுபோல் சிக்னல் இல்லாத பகுதி உருவாகும். நெருக்கமான தாமான் வரிசைகளில் வேறொரு சிக்கல் உண்டு: அடுத்தடுத்த வீடுகளின் ரூட்டர்கள் எல்லாம் ஒரே தடத்தில் (சேனலில்) பேசிக்கொண்டிருக்கும். 2.4 அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்ற மூன்று மட்டுமே. அவற்றில் எது காலியாக உள்ளது என்பதை அதே செயலி காட்டும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் அந்தத் தடத்தை நிலையாகத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

இலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நானே அதில் ஏமாந்திருக்கிறேன். என் மாமா வீட்டிலிருந்து அவருடைய ஆட்டுக் கொட்டகைக்கு நடுவே ஆறு வரிசைச் செம்பனை நிற்கிறது. காலை வெயிலில் போய் அளந்தேன்; சிக்னல் சுமாராக இருந்தது; பொருத்திவிட்டு வந்தேன். அன்று முதல் மாலை நான்கு மணிக்கு மேல் படம் வராது, மறுநாள் காலையில் தானாகவே வந்துவிடும். கேமரா பழுது என்று ஒன்றை மாற்றினேன், அடாப்டர் பழுது என்று அதையும் மாற்றினேன். இரண்டு வாரம் கழித்துத்தான் விளங்கியது, மாலை மழையில் நனைந்த ஓலைகள் அலையைக் குடித்துவிடுகின்றன என்று. நீர் இந்த அலைவரிசைகளை நன்றாக உறிஞ்சும். இலை வழியாகப் போகும் எந்தத் தொடர்பையும் மழை பெய்து ஓய்ந்தவுடன் ஒருமுறை அளந்து பார்க்காமல் நம்பாதீர்கள்.

எட்டாத இடத்துக்கு எப்படி எட்டுவது

அளந்த எண் −70ஐ ஒட்டி நின்றால் ரூட்டரை இடம் மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். தொலைக்காட்சிக்குப் பின்னால், அலமாரிக்குள், தரையோடு தரையாகக் கிடக்கும் ரூட்டரை எடுத்து உயரமான திறந்த இடத்தில் வையுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் பல கருவிகள் சேர்ந்து ஒரே வலையாக இயங்கும் மெஷ் வகை ரூட்டர் ஒன்றைச் சேர்க்கலாம். சுவர்ப் பிளக்கில் செருகும் மலிவான ரிப்பீட்டரை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே ரேடியோவால் கேட்டு அதே ரேடியோவால் திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகக் குறைகிறது, இரண்டு மூன்று கேமராக்களைச் சுமக்கும்போது திணறுகிறது.

நூறு மீட்டருக்கு மேற்பட்ட தொலைவுக்குச் சரியான கருவி, ஒன்றையொன்று நோக்கி வைக்கப்படும் இரண்டு வெளிப்புற ஆண்டெனாக்கள். இதைக் கம்பியில்லாப் பாலம் என்று சொல்லலாம். 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் இத்தகைய ஒரு சோடி, குறுக்கே எதுவும் இல்லையென்றால் ஒரு கிலோமீட்டரைக்கூட எளிதாகக் கடக்கும். “குறுக்கே எதுவும் இல்லை” என்பதற்கு, எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று பொருள் கொள்ளக்கூடாது. அலை நூல் பிடித்ததுபோல் போவதில்லை. நடுவில் உப்பிய வாழைப்பூப்போல் விரிந்து குவிகிறது. 300 மீட்டர் தொலைவுக்கு அந்த உப்பலின் ஆரம் நடுவில் ஏறத்தாழ இரண்டு மீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல். அதில் பெரும்பகுதி மரமும் கூரையும் தீண்டாமல் இருக்க வேண்டும். மறுநடவு செய்த செம்பனைக் காட்டுக்கு மேல் பாலம் போடுபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்: செம்பனை ஆண்டுக்கு ஏறத்தாழ அரை மீட்டர் உயரும். இன்று தலைக்குக் கீழே நிற்கும் கன்று, ரூட்டரின் ஆயுள் முடிவதற்குள் அலையின் குறுக்கே ஓலையை நீட்டிவிடும். கம்பத்தை முதலிலேயே உயரமாக நடுங்கள்.

இணையமே இல்லாத இடங்கள் உண்டு. காட்டோரத்து மாரியம்மன் கோவில் உண்டியலுக்கு அருகில் எந்த ரூட்டரும் இருக்காது. அங்கே சிம் அட்டை போடும் 4ஜி கேமராவே வழி. வீட்டில் பழைய கைப்பேசி மோடம் கிடக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு: அது 3ஜி மோடமாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்; மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. சிம் வாங்குவதற்கு முன், வெவ்வேறு நிறுவனங்களின் சிம் வைத்திருக்கும் நண்பர்கள் இரண்டு மூன்று பேரை அந்த இடத்துக்கு அழைத்துப்போய் வேகத்தைச் சோதியுங்கள். பார்க்க வேண்டியது பதிவிறக்க வேகத்தை அன்று, பதிவேற்ற வேகத்தை. கேமரா வெளியே அனுப்பும் கருவி. ஒரு 1080பி கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் நிலையாகக் கிடைக்க வேண்டும். அந்த வேகத்தில் நாள் முழுதும் அனுப்பினால் ஒரே நாளில் 21 கிகாபைட்டுக்கு மேல் தீர்ந்துபோகும் என்பதால், 4ஜி கேமராவில் பதிவு அதனுள்ளே தங்கட்டும். ஆள் வந்தால் மட்டும் எச்சரிக்கையும் சிறு காணொளித் துண்டும் கைப்பேசிக்கு வரட்டும்.

மூன்றாம் படி: மின்சாரம், இடி, மழை

கம்பியில்லாக் கேமரா என்பது தரவுக்குக் கம்பி இல்லாத கேமரா. மின்சாரத்துக்கு ஒரு கம்பி வேண்டும். இதைக் கடையில் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

பெரும்பாலான வைஃபை கேமராக்கள் 5 அல்லது 12 வோல்ட் அடாப்டரில் இயங்குகின்றன. மெல்லிய கம்பியை நீட்டிக்கொண்டே போனால் மின்னழுத்தம் வழியிலேயே குறைந்துவிடும். 5 வோல்ட் கேமராக்களில் இது மிக விரைவாகத் தெரியும். இதன் அறிகுறியை அடையாளம் கண்டுகொள்ளுங்கள்: பகலில் கேமரா ஒழுங்காக இருக்கும், இருட்டியதும் அணைந்து அணைந்து மீளும். இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது கேமரா அதிக மின்சாரத்தை இழுக்கிறது; மெல்லிய நீண்ட கம்பியால் கொடுக்க முடிவதில்லை. கேமராவுக்குப் பக்கத்திலேயே மூன்று முள் பிளக் ஒன்றை மின்பணியாளரைக் கொண்டு வைத்துவிடுவதே நிலையான தீர்வு.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: வீட்டோடு ஒட்டிய சுவர்களுக்கு, சற்றுச் சிரமம் எடுத்து லேன் கேபிள் இழுக்க முடியுமானால் அதையே செய்யுங்கள். பிஓஇ எனப்படும் முறையில் அந்த ஒரே கேபிள் மின்சாரத்தையும் தரவையும் நூறு மீட்டர் வரை கொண்டுபோகும். 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரம் அதற்கு 15.4 வாட் வரை கொடுக்க இடம் தருகிறது, சாதாரணக் கேமராவுக்கு அது தாராளம். கம்பியில்லா முறையைக் கம்பி போக முடியாத இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விலக்கு உண்டு, அது இடி. ஏப்ரல்–மே மாதங்களிலும் அக்டோபர்–நவம்பரிலும் பேராக்கில் மதியத்துக்கு மேல் இடி இறங்குவது நமக்குப் புதிதன்று. இரண்டு கட்டடங்களுக்கு இடையே வெளியே தொங்கும் லேன் கேபிள், அருகில் விழும் இடியின் மின்னெழுச்சியை இரு முனைகளிலும் உள்ள கருவிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே கம்பியில்லாப் பாலம் இருந்தால், கொட்டகைக் கேமரா கருகினாலும் அந்தப் பாதிப்பு பாலத்தைத் தாண்டி வீட்டு ரூட்டருக்கு வராது. கட்டடத்துக்குள் கம்பி, கட்டடத்துக்குக் கட்டடம் காற்று என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு முனைகளிலும் மின்னெழுச்சித் தடுப்பான் உள்ள நீட்டுப் பலகையைப் பயன்படுத்துங்கள். ரூட்டருக்கு 12 வோல்ட் சிறு யூபிஎஸ் ஒன்று வைத்தால் மின்சாரம் போன நேரத்திலும் இணையம் சிறிது நேரம் நிற்கும், திருடன் மீட்டரை அணைத்துவிட்டு வந்தாலும்.

சூரியத் தகடும் மின்கலமும் கொண்ட கேமராக்களுக்குக் கம்பியே வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் அவை எப்போதும் விழித்திருப்பதில்லை. உடல் வெப்பத்தை உணரும் பிஐஆர் உணரி எழுப்பிய பிறகே பதிவு தொடங்குவதால், முதல் ஓரிரு நொடிகள் தவறிப்போகும். கேட்டைத் தாண்டும் முகம் விடுபட்டு, ஓடும் முதுகு மட்டும் பதிவாவது இதனால்தான். பிஐஆர் சுற்றுப்புறத்துக்கும் உடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டை நம்பி வேலை செய்கிறது. பிற்பகல் வெயிலில் சுவரே 35 பாகை செல்சியஸை நெருங்கும் நம் ஊரில் அந்த வேறுபாடு சுருங்கிவிடும். மர நிழலில் வைத்த தகடு எதையும் சேமிக்காது. கோவில் உண்டியலுக்கு வேறு வழியில்லை என்றால் வைக்கலாம். வீட்டுக்கு முதல் தேர்வாக வேண்டாம்.

வெளியில் வைக்கும் கேமராவில் ஐபி66 அல்லது ஐபி67 என்ற குறி இருக்க வேண்டும். முதல் எண் தூசியையும் இரண்டாம் எண் நீரையும் குறிக்கும். மலேசியாவில் விற்கப்படும் கம்பியில்லாக் கருவிகளுக்கு வேண்டிய சிரிம் (மலேசியத் தரச்சான்று அமைப்பு) சான்று முத்திரையையும் பாருங்கள்.

நான்காம் படி: பதிவு எத்தனை நாள் நிற்க வேண்டும்

தீபாவளிக்கு ஐந்து நாள் உறவினர் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, முதல் நாள் இரவு நடந்தது கேமராவுக்குள் உள்ள நினைவக அட்டையில் இன்னும் இருக்குமா? இதுதான் கேள்வி. நொடிக்கு 2 மெகாபிட் என்ற அளவில் ஒரு கேமரா நாளொன்றுக்கு 21.6 கிகாபைட் எழுதும். 64 கிகாபைட் அட்டை மூன்றாம் நாள் முடிவதற்குள் நிரம்பி, பழையதன்மேல் எழுதத் தொடங்கிவிடும். 128 கிகாபைட் அட்டை ஆறு நாளுக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். எல்லாக் கேமராக்களின் படத்தையும் ஓரிடத்தில் சேமிக்கும் பதிவுப் பெட்டியில் 1 டெராபைட் வட்டு போட்டால் ஒரு கேமராவுக்கு 46 நாள், நான்கு கேமராக்களுக்குப் பதினொரு நாள். 2013இல் வந்த எச்.265 சுருக்க முறை, 2003இன் எச்.264ஐவிட ஏறத்தாழ பாதி இடத்தில் அதே தெளிவைத் தருவதால், அமைப்பில் அதைத் தேர்ந்தெடுத்தால் நாள்கள் இரட்டிப்பாகும். ஆள் நடமாட்டத்தின்போது மட்டும் பதிவு செய்யச் சொன்னால் இன்னும் நீளும்.

சாதாரண நினைவக அட்டை ஓயாமல் எழுதுவதற்காகச் செய்யப்பட்டதன்று. ஓராண்டுக்குள் சொல்லாமல் கொள்ளாமல் செத்துவிடும். தொடர் பதிவுக்கென்றே விற்கும் உயர் நீடிப்பு அட்டையை வாங்குங்கள். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் நான் வாங்கிய 128 கிகாபைட் அட்டை, உள்ளே பார்த்தால் அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. கொள்ளளவைச் சோதிக்கும் செயலியை ஓட்டிய பிறகே தெரிந்தது. கடையில் ரசீதுடன் வாங்குவது நல்லது. இன்னொன்று: அட்டை கேமராவுக்குள் இருப்பதால் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனவன் சாட்சியையும் எடுத்துக்கொண்டு போகிறான். முகம் காட்டும் கேமராவுக்காவது வீட்டுக்குள் பூட்டிய அலமாரியில் உள்ள பதிவுப் பெட்டியிலோ மேகச் சேமிப்பிலோ ஒரு நகல் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: வாங்குதல், இணைத்தல், பூட்டுதல்

இப்போது வாங்கலாம். எந்த நிறுவனத்துடையது என்பதைவிட மூன்று சொற்கள் பெட்டியில் இருக்கின்றனவா என்று பாருங்கள்: ஆன்விஃப், ஆர்டிஎஸ்பி (நேரலைப் படத்தை வேறு கருவிகளுக்கு அனுப்பும் முறை), எச்.265. ஆன்விஃப் என்பது 2008இல் ஆக்சிஸ், பாஷ், சோனி ஆகிய நிறுவனங்கள் தொடங்கிய பொதுத் தரம். அது இருந்தால் ஒரு நிறுவனத்தின் கேமராவை இன்னொரு நிறுவனத்தின் பதிவுப் பெட்டியோடு இணைக்கலாம். இல்லாவிட்டால், செய்த நிறுவனம் தன் செயலியை நிறுத்தும் நாளில் உங்கள் கேமரா வெறும் பிளாஸ்டிக் குமிழ்.

இணைக்கும்போது புதியவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான். கேமரா 2.4இல் மட்டும் பேசும். உங்கள் ரூட்டரோ 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் வைத்திருக்கும். கைப்பேசி 5ஐப் பிடித்துக்கொண்டு நிற்கும். செயலி “இணைக்க முடியவில்லை” என்று திரும்பத் திரும்பச் சொல்லும். ரூட்டர் அமைப்பில் 2.4க்குத் தனிப்பெயர் கொடுத்து, கைப்பேசியை அதில் சேர்த்துவிட்டு முயலுங்கள். அதன் பிறகு நேர வலயத்தை கோலாலம்பூருக்கு மாற்றி, படத்தின் மூலையில் தேதியும் மணியும் சரியாக விழுகின்றனவா என்று பாருங்கள். போலீஸ் புகாரோடு காணொளியைக் கொடுக்கும்போது, மணி தவறாக இருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்டிருந்த கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் உலகெங்கும் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபரில் அவற்றைக்கொண்டு டின் என்ற அமெரிக்க இணைய நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குத் திறக்கவில்லை. அந்தக் கேமராக்களின் உரிமையாளர்களுக்குத் தங்கள் வாசல் கேமரா அப்படி ஒரு வேலையில் இருந்தது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ரூட்டரில் டபிள்யூபிஏ2 அல்லது 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 பாதுகாப்பை இயக்குங்கள். விருந்தினர் வைஃபை இருந்தால் கேமராக்களை அதில் மட்டும் சேர்த்துவிடுங்கள், வங்கிச் செயலி உள்ள கைப்பேசியும் கேமராவும் ஒரே வலையில் இருக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு ரூட்டரில் தானாகவே வழிதிறக்கும் யூபிஎன்பி என்னும் வசதியை அணையுங்கள். செயலியில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

கோவில் நிர்வாகத்தினருக்கு ஒரு சொல். கேமராக் கணக்கை, பொருத்திக் கொடுத்த இளைஞரின் மின்னஞ்சலில் தொடங்காதீர்கள். அவர் வேலைக்குச் சிங்கப்பூர் போய்விடுவார், கைப்பேசி எண்ணை மாற்றுவார், உண்டியல் உடைந்த மறுநாள் காலையில் யாராலும் பதிவைத் திறக்க முடியாது. இது கற்பனையன்று, நான் நின்று பார்த்த காலை. கோவிலுக்கென்று ஒரு மின்னஞ்சலைத் திறந்து, கடவுச்சொல்லை எழுதி, பொருளாளரிடமுள்ள கணக்குப் பெட்டியில் வையுங்கள்.

கேமராவின் பார்வை அண்டை வீட்டு வாசலிலோ குளியலறைச் சன்னலிலோ விழக்கூடாது. அண்டை வீட்டை நோக்கிய கேமரா தனியுரிமையை மீறுகிறது என்ற வழக்கு 2011இல் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வேறு வழியில்லாமல் கொஞ்சம் விழுந்தால், செயலியில் “தனியுரிமை மறைப்பு” என்ற கறுப்புக் கட்டத்தை அந்தப் பகுதியின்மேல் போட்டுவிடுங்கள். அண்டை வீட்டுக்காரரை அழைத்துத் திரையைக் காட்டுங்கள். தனிப்பட்ட வீட்டுப் பயன்பாட்டுக்குத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 விலக்கு அளிக்கிறது. கடை நடத்துபவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தும் என்பதால் வாசலில், கேமரா இயங்குகிறது என்ற அறிவிப்பை ஒட்டுங்கள்.

விவேகக் கண்காணிப்பு: எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு வேண்டாம்

ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் நான் பொருத்திய கேமராக்களுக்கு அசைவது எல்லாம் ஒன்றுதான். வாழையிலை ஆடினாலும் பூனை போனாலும் கைப்பேசி அலறும். மூன்றாம் நாள் வீட்டுக்காரர் அறிவிப்பையே அணைத்துவிடுவார். இன்று இருநூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) குறைந்த கேமராக்கள்கூட மனிதன், வாகனம், விலங்கு என்று தம்முள்ளேயே பிரித்தறிகின்றன. படத்தை எங்கோ உள்ள கணினிக்கு அனுப்பாமல் கேமராவுக்குள் உள்ள சில்லே (சிப்) முடிவெடுப்பதால், மெதுவான இணையம் உள்ள தோட்டப்புறத்துக்கு இதுவே உண்மையான முன்னேற்றம் என்பேன். திரையில் கேட்டின் குறுக்கே ஒரு கோட்டை வரைந்து, “இரவு 11 முதல் காலை 5 வரை மனிதர் இதைத் தாண்டினால் மட்டும் சொல்” என்று கட்டளையிட முடிகிறது. அதிகாலையில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் உள்ள வீடாக இருந்தால் அந்த ஐந்தை நான்காக்கிக்கொள்ளுங்கள்.

வலையமைப்புப் பக்கத்தில் நான் ஆவலோடு எதிர்பார்ப்பது வைஃபை ஹேலோ என்று அழைக்கப்படும் 802.11ஏஎச். ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்குவதால் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு, சுவரையும் இலையையும் 2.4ஐவிட நன்றாகக் கடந்து போகக்கூடியது. வேகம் குறைவு, ஆனால் ஒரு கேமராவுக்குப் போதும். மாமாவின் ஆறு வரிசைச் செம்பனைக்கு இது பொருத்தமான விடையாக இருக்கும். இங்கே அந்த அலைவரிசைக்கு ஏற்ற, சிரிம் முத்திரையுள்ள கருவி கடைக்கு வரும்வரை வெளிநாட்டுப் பொதியை இறக்கிவிடாதீர்கள். கேமராவே இல்லாமல், வைஃபை அலைகளின் சலனத்தைக் கொண்டு அறையில் ஆள் இருப்பதை உணரும் 802.11பிஎஃப் என்ற தரமும் உருவாகியிருக்கிறது. தனியே இருக்கும் முதியவர் விழுந்துவிட்டாரா என்று படுக்கையறையில் கேமரா வைக்காமல் அறிய அது ஒருநாள் உதவலாம்.

முக அடையாளம் காணும் வசதியை மட்டும் அணைத்தே வையுங்கள். தலைக்கவசத்துக்கும் முகக்கவரிக்கும் முன்னால் அது தோற்கும். ஒத்த முகமுள்ள ஒருவரைத் திருடன் என்று காட்டிவிட்டால், எல்லாரும் எல்லாருக்கும் உறவான சிறு ஊரில் அந்தப் பழியைத் துடைக்க முடியாது. சட்டமும் அதைக் கனமாகவே பார்க்கிறது: 2024இல் செய்யப்பட்ட திருத்தம் உடலடையாளத் தரவையும் நுண்ணுணர்வுத் தரவுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

பொருத்திய பிறகு

பொருத்திய அன்று இரவு எட்டு மணிக்கு, வீட்டிலுள்ள ஒருவரைக் கேட்டுக்கு வெளியே அனுப்பி, வழக்கமான வேகத்தில் நடந்து வரச் சொல்லுங்கள். பிறகு செயலியில் நேரலையைப் பார்க்காமல் பதிவைத் திறந்து பாருங்கள்; முகம் தெரிகிறதா, நேரம் சரியா, எச்சரிக்கை எத்தனை நொடியில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை இதையே செய்யுங்கள், மென்பொருள் புதுப்பிப்பு வந்திருந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அதோடு ஒட்டடைக் கம்பின் நுனியில் மெல்லிய துணியைக் கட்டி வில்லையின் முகப்பைத் துடையுங்கள். அகச்சிவப்பு விளக்கின் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். ஓர் இழை வலை வில்லைக்கு முன்னால் ஆடினால் இரவுப் படம் முழுவதும் வெண்புகையாகிவிடும். எனக்கு வரும் “கேமரா கெட்டுப்போச்சு” அழைப்புகளில் பாதி, ஏணியில் ஏறித் துடைத்துவிட்டு இறங்கியதும் முடிந்துவிடுகிறது.